தக்கையில் ஒரு தவளை: முதல் பாப்பர் ஃப்ளை செய்கிறவர்களுக்கு

பாப்பர், அதாவது தண்ணீர் மேல் மிதந்து மீனை ஏமாற்றுகிற போலி இரை, செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் திறப்பது பெயின்ட் டப்பாவைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதுகில் பச்சை, அடியில் மஞ்சள், ஆங்காங்கே கறுப்புப் புள்ளிகள், துருத்திக்கொண்டு நிற்கிற இரண்டு கண்கள், எல்லாம் முடித்து இரண்டு நாள் காயவைத்து ஆசையாகக் குளத்தில் வீசினால், தண்ணீரைத் தொட்டதும் அது ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. இழுத்தால் 'பளக்' என்று சத்தம் வர வேண்டும், வந்தது வெறும் சலசலப்பு. அதையும் மீறி ஒரு பாஸ் மீன் வந்து கவ்வியது, நான் இழுத்தேன், பாப்பர் மட்டும் என் முகத்தை நோக்கிப் பறந்து வந்தது. தூண்டில் முள் குத்துவதற்கு இடமே இல்லை. முள்ளின் நுனிக்கும் அதன் நேரான தண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி முழுவதையும் தக்கை அடைத்துக்கொண்டிருந்தது.

அதனால் பெயின்டுக்கு நான் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவேன். தக்கை, முள், அந்த இரண்டும் ஒட்டுகிற இடம் இவை சரியாக வந்துவிட்டால் மேலே நீங்கள் எந்த நிறம் பூசினாலும் மீன் வரும், சரியாக வராவிட்டால் ரவிவர்மா வந்து வரைந்தாலும் வராது.

முள்ளில் இறகு, நூல் எல்லாம் கட்டிச் செய்கிற போலி இரைக்கு ஃப்ளை என்று பெயர், பாப்பர் என்பது தண்ணீர் மேல் மிதக்கிற ஃப்ளை. முன்பக்கம் தட்டையாகவோ குழிவாகவோ இருக்கும். லைனை, அதாவது தூண்டில் கயிற்றை, வெடுக்கென்று இழுக்கும்போது அந்த முகம் தண்ணீரை முன்னால் தள்ளி, குமிழியும் சத்தமும் கிளப்பும். தவளை குதித்தது என்று நினைத்துக்கொள்கிறதோ, தட்டான் விழுந்து தத்தளிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறதோ, மீன் வந்து அடிக்கும். அடிப்பதை நம் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதுதான் இதில் இருக்கிற ருசி. தக்கையை முள்ளில் ஒட்டி இப்படி ஃப்ளை செய்யும் வழக்கத்துக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவில் இருந்த எர்னஸ்ட் பெக்கின்பாவை முன்னோடியாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து அடிப்படை பெரிதாக மாறவில்லை. ஒரு தக்கை, ஒரு முள், பின்னால் கொஞ்சம் இறகு, அவ்வளவுதான்.

எந்த மீனுக்கு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பாஸ், புளூகில், பம்ப்கின்சீட் எல்லாம் ஒரே குடும்பத்து மீன்கள்தான், ஆனால் வாய் வேறு. லார்ஜ்மவுத் பாஸ் வாயைத் திறந்தால் பாப்பர் மொத்தமும் காணாமல் போகும். பான்ஃபிஷ் என்று பொதுவாகச் சொல்லப்படுகிற புளூகில் வகையறாவுக்கு, அதாவது முழுசாக ஒரு வாணலியில் அடங்குகிற அளவு மீன்களுக்கு, வாய் சின்னது. பெரிய பாப்பரைப் போட்டால் அது காலைக் கடித்து இழுக்கும், வாலைக் கடித்து இழுக்கும், முள்ளை மட்டும் தொடாது. புளூகிலுக்கு 8 அல்லது 10ஆம் எண் முள், பாஸுக்கு 4, 2, பெரிய பாஸ் இருக்கிற நீர்நிலை என்றால் 1/0 வரை. எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதை மறந்துவிடாதீர்கள். 1/0 என்று சாய்கோடு வந்த பிறகு கணக்கு திரும்பிவிடும், 2/0 அதைவிடப் பெரியது.

முள்ளும் உடம்பும்

பாப்பருக்கென்றே தண்டின் நடுவில் ஒரு கூன் வளைத்த முள் கிடைக்கும், மஸ்டாட் 33903 அந்த ரகத்தில் பலகாலமாக எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் கூன் எதற்கு என்றால், தக்கை தண்டின் மேல் சுற்றாமல் இருக்க. நேர்த்தண்டு முள்ளில் பசை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும், நாலு மீன் கடித்த பிறகு பசை விட்டுவிட்டால் தக்கை தக்ளி மாதிரி சுழலும். ஃபோம் உடம்புக்கு நேர்த்தண்டு முள் பரவாயில்லை, காமகாட்சு பி10எஸ் போல வாய் அகன்ற முள்ளைப் பலர் விரும்புவார்கள். முதல் பாப்பருக்கு என்னைக் கேட்டால் கூன் முள்தான்.

உடம்புக்குத் தக்கை, பால்சா மரம், ஃபோம் என்று மூன்று வழி. மான் முடியைச் சுற்றிக் கத்தரித்துச் செய்கிற நாலாவது வழியும் உண்டு, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது தனிக் கலை, இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். பால்சா நல்ல மிதப்பு, சீவவும் சுலபம், ஆனால் கல்லில் இரண்டு தடவை மோதினால் நசுங்கும். தக்கை கொஞ்சம் முரட்டுச் சரக்கு, பெயின்ட் நன்றாக ஏறும், உடைந்தால் ஒட்டலாம். பாட்டில் மூடித் தக்கையில் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரே துண்டாக வெட்டிய இயற்கைத் தக்கையா என்று பாருங்கள். துகள்களை அழுத்தி ஒட்டிய தக்கை சீவும்போதே பொலபொலவென்று உதிரும்.

ஃபோமில் பெயின்ட் வேலை குறைவு, உருளையாகக் கிடைக்கிறது, தேய்ந்த ரப்பர் செருப்பின் அடியிலிருந்துகூட ஒரு குழாயைச் சுழற்றி அழுத்தி உருளை வெட்டி எடுக்கலாம். தண்ணீர் குடிக்காத ஃபோமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு துண்டைத் தண்ணீருக்கடியில் பிடித்துப் பிசைந்து பாருங்கள். கனம் ஏறினால் அது மெத்தைக்கு ஆகும், பாப்பருக்கு ஆகாது.

நான் இங்கே தக்கையை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் அலங்காரம் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு அதுதான் தோது. ஃபோமுக்கு எங்கே வழி மாறுகிறதோ அங்கே சொல்லிவிடுகிறேன்.

சீவுவதும் ஒட்டுவதும்

புளூகிலுக்கு முகம் 6 முதல் 7 மி.மீ. விட்டம், பாஸுக்கு 10 முதல் 12 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் தொடங்கச் சரியாக இருக்கும். முகத்திலிருந்து வாலை நோக்கிக் குறுகிக்கொண்டே வர வேண்டும். கூர்மையான பிளேடால் தோராயமாகச் சீவிவிட்டு, பிறகு உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேயுங்கள். பிளேடிலேயே கடைசி வரை கொண்டுபோக நினைத்தால் ஒரு சில்லு பெயர்ந்து வந்து வேலையைக் கெடுக்கும். தூசி பொடிப்பொடியாகப் பறக்கும், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

முகத்தில் குழி எடுப்பதா வேண்டாமா? பாஸுக்கு எடுங்கள். ஒரு பல்குச்சியின் முனையிலோ பென்சிலின் முனையிலோ உப்புத்தாளைச் சுற்றித் திருகினால் போதும், சின்ன கை டிரில்லில் உருண்டைக் கல் இருந்தால் இன்னும் வேகம். குழி ஆழமானால் சத்தம் கூடும், ஆனால் லைனைத் தண்ணீரிலிருந்து தூக்கி எடுக்கும்போது அதே குழி தண்ணீரைக் கவ்விக்கொண்டு கையை வலிக்க வைக்கும். புளூகிலுக்குத் தட்டை முகமே போதும். அது சின்னதாக ஒரு 'ப்ளிப்' கேட்டாலே வரும், பெரிய சத்தம் கேட்டால் ஆழம் குறைந்த இடத்தில் கூட்டமே ஒதுங்கிவிடும்.

இப்போது இந்தக் கட்டுரையில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். முள்ளைத் தக்கையின் நடுவில் செருகக் கூடாது. வயிற்றின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் அறுத்து, அதில் தண்டை வைத்துப் பதிக்க வேண்டும். ஹேக்சா பிளேடின் ஒரு துண்டு இதற்கு நல்ல கருவி, கையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு மூன்று நாலு இழுப்பு இழுத்தால் பள்ளம் வந்துவிடும். ஆழம் எவ்வளவு? நூல் சுற்றிய தண்டு உள்ளே போய் வயிற்றோடு வயிறாக நிற்க வேண்டும், அதற்கு மேல் ஒரு மயிரிழையும் வேண்டாம். கூன் இருக்கிற இடத்தில் மட்டும் பிளேடின் நுனியால் இன்னும் கொஞ்சம் தோண்டுங்கள். கூன் மேல்நோக்கி, தக்கைக்குள் போகும். ஆழமாக அறுத்துவிட்டால் தக்கை கீழே இறங்கி முள் நுனிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், மீனின் தாடைக்கு இடம் இருக்காது. என் முதல் பாப்பர் போன வழி அதுதான்.

ஒட்டுவதற்கு முன்னால் தண்டு முழுவதும் நூல் சுற்றுங்கள். முள்ளைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் அதை மாட்டி, லைன் கட்டுகிற காதுக்குப் பின்னால் தொடங்கி வளைவு வரை போய், திரும்பிக் குறுக்கும் நெடுக்குமாக வாருங்கள். வழவழ இரும்பில் பசை நிற்காது, நூலில் நிற்கும். பசைக்கு 5 நிமிட எபாக்ஸி நல்லது, பள்ளத்தையும் அதுவே நிரப்பிவிடும், முள்ளை இப்படி அப்படி நகர்த்தி நேராக்க அவகாசமும் கிடைக்கும். சூப்பர் க்ளூ வேண்டும் என்றால் ஜெல் வகை வாங்குங்கள். முள்ளின் காது முகத்துக்கு முன்னால், அடி ஓரத்தில், முழுசாக வெளியே தெரிய வேண்டும். தண்டின் பின்பக்கம் மூன்றில் ஒரு பங்காவது வெறுமையாக இருக்க வேண்டும், வால் கட்டுவதற்கு. முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், முள்ளின் நுனி தக்கையின் நடுக்கோட்டுக்கு நேர் கீழே இருக்கிறதா? இல்லையென்றால் பசை இறுகுவதற்குள் திருப்புங்கள், இறுகிய பிறகு திருப்பினால் தக்கைதான் பிளக்கும்.

ஃபோமில் பள்ளம் அறுக்க வேண்டியதில்லை. ஊசியைச் சூடுபடுத்தி அடி ஓரமாக ஒரு துளை போட்டு, அதில் தண்டை நுழைத்துவிடலாம். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை. ஃபோமில் சூப்பர் க்ளூ கண் இமைக்கும் நேரத்தில் பிடித்துவிடும் என்பதால் நூலில் பசை தடவிய கையோடு ஒரே தள்ளாகத் தள்ளி நேராக்கிவிட வேண்டும், யோசிக்க நேரம் கிடையாது. இன்னொன்று, ஃபோம் பாப்பருக்கு வாலை முதலில் கட்டிவிட்டு உடம்பைக் கடைசியில் மாட்டுவார்கள். தக்கைக்கு நேர்மாறு, பெயின்டெல்லாம் முடிந்த பிறகுதான் இறகு. ஈரப் பெயின்டில் இறகு ஒட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது, அதற்குத்தான் இந்த வரிசை.

தக்கையில் இயற்கையாகவே அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கும். சீவும்போது விழுந்த தூளை எபாக்ஸியில் குழைத்து அந்தக் குழிகளிலும் வயிற்றுப் பள்ளத்திலும் அடைத்து, காய்ந்ததும் முதலில் 220, அப்புறம் 400 உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். விரலை ஓட்டினால் முள்ளும் தக்கையும் சேர்கிற இடம் தட்டுப்படக் கூடாது. கால்களுக்கான துளையையும் இப்போதே போட்டுவிடுங்கள், பக்கவாட்டில், நடுவுக்குச் சற்றுப் பின்னால், இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருகிற மாதிரி, தண்டுக்கு மேலாக. பெயின்ட் அடித்த பிறகு துளை போட்டால் விளிம்பில் பெயின்ட் பெயர்ந்து வரும்.

அலங்காரம்

சரி, இனிமேல் பெயின்ட்.

தூரிகையை எடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். மீன் கீழே இருக்கிறது. அது பார்ப்பது பாப்பரின் வயிற்றை, முள்ளை, தொங்குகிற கால்களை, வானத்தின் வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பாகத் தெரிகிற ஒரு உருவத்தை. நீங்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து முதுகில் வரைந்த செதில்களை அது பார்க்கவே போவதில்லை. முதுகு உங்களுக்கு, வயிறு மீனுக்கு என்று பிரித்துக்கொண்டால் குழப்பமே இல்லை. முதுகில் மஞ்சளோ வெளிர்பச்சையோ ஆரஞ்சோ, தூரத்திலிருந்து உங்கள் கண்ணுக்குத் தெரிகிற நிறமாக ஒரு பட்டை இருக்கட்டும். வயிறு வெள்ளை, வெண்ணெய் நிறம், வெளிர்மஞ்சள். விடியலிலும் அந்தி மசங்குகிற நேரத்திலும் வீசுவதற்கென்று அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாக ஒன்று செய்து வையுங்கள், மங்கலான வானத்துக்கு எதிரே கறுப்புதான் விளிம்பு தெளிவாகத் தெரியும். இதெல்லாம் தெரிந்தும் நான் முதுகில் செதில் வரைந்துகொண்டுதான் இருக்கிறேன். பார்க்க நன்றாக இருக்கிறது, வேறு காரணம் வேண்டுமா?

முதல் பூச்சு வெள்ளை. பழுப்புத் தக்கையின் மேல் நேராக மஞ்சள் அடித்தால் கடுகு நிறத்தில் வந்து நிற்கும், வெள்ளையின் மேல் அடித்தால்தான் மஞ்சள் மஞ்சளாக இருக்கும். தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் பெயின்ட் போதும், மெல்லியதாக இரண்டு தடவை, நடுவில் காயவிட்டு. முள்ளின் வளைவைத் துணி மாட்டுகிற கிளிப்பில் கவ்வவைத்துப் பிடித்தால் கையில் ஒட்டாது. முள்ளின் காதில் பெயின்ட் போனால் ஈரமாக இருக்கும்போதே ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள். ஆற்றங்கரையில் நின்றுகொண்டு காது திறக்கவில்லையே என்று பல்லால் கடித்துக்கொண்டிருந்த அனுபவம் எனக்குப் போதும், உங்களுக்கும் வேண்டாம்.

செதில் வேண்டும் என்றால், பழம் கட்டி வருகிற வலைப்பையின் ஒரு துண்டை உடம்பின் மேல் இழுத்துக் கட்டி, ஸ்பாஞ்சின் சின்னத் துண்டில் அடர் நிறத்தைத் தொட்டு, காகிதத்தில் இரண்டு தடவை ஒற்றி ஈரம் குறைத்துவிட்டு, வலையின் மேல் தட்டித் தட்டி எடுங்கள். வலையை உரித்தால் கண்ணி கண்ணியாகச் செதில் வந்திருக்கும். ஸ்பாஞ்சில் பெயின்ட் அதிகமானால் வலைக்குக் கீழே கசிந்து எல்லாம் ஒன்றாகிவிடும். முதல் மூன்று நாலு முறை அப்படித்தான் ஆகும், துடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

தவளைக்கு முதுகு அடர்பச்சை, வயிறு வெண்ணெய் நிறம், இரண்டும் சேர்கிற இடத்தில் கோடு தெரியாமல் ஸ்பாஞ்சால் ஒற்றிக் கலக்க வேண்டும். பிறகு புள்ளிகள். புள்ளிக்கும் கண்ணுக்கும் தூரிகை உதவாது, ஆணிதான். ஆணியின் தலையைக் குப்புறப் பிடித்து, கொஞ்சம் கெட்டியான பெயின்டில் மெல்லத் தொட்டு, தக்கையின் மேல் நேராக வைத்து, நேராக மேலே எடுங்கள். தேய்க்கக் கூடாது, திருகக் கூடாது, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி ஒரே தொடுதல். உருண்டையாக ஒரு வட்டம் நிற்கும். முதலில் பெரிய ஆணியால் மஞ்சள், அது நன்றாகக் காய்ந்ததும் சின்ன ஆணியால் நடுவில் கறுப்பு, ஆசைப்பட்டால் குண்டூசித் தலையால் அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டு விழுந்ததும் தக்கைத் துண்டு சட்டென்று உங்களைப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும், எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அந்த நொடி பிடிக்கும். இரண்டு கண்ணையும் ஒரே ஆணியில், ஒரே தடவை தொட்ட பெயின்டில் வைக்காதீர்கள், இரண்டாவது கண் சிறுத்துப்போகும். ஒவ்வொரு கண்ணுக்கும் புதிதாகத் தொட்டு வையுங்கள். முன்னதாக ஒரு காகிதத்தில் இருபது முப்பது புள்ளி வைத்துப் பழகிக்கொண்டால் கை நிதானத்துக்கு வந்துவிடும். ஒட்டுகிற கண்களும் கிடைக்கின்றன, நன்றாகவே இருக்கும், ஆனால் மேல்பூச்சு சரியாக மூடாவிட்டால் இரண்டாவது மீனோடு போய்விடும்.

ஃபோமில் பெயின்டை விட பெர்மனன்ட் மார்க்கர் எளிது. ஸ்பிரே பெயின்ட் அடிக்க நினைத்தால் முதலில் ஒரு கழிவுத் துண்டில் அடித்துப் பாருங்கள், சில வகைக் கரைப்பான் ஃபோமை உருக்கிவிடும். மார்க்கரிலும் ஒரு வம்பு இருக்கிறது. அதன் மேல் நெயில் பாலிஷ் மாதிரி ஏதாவது பூசினால் மை கரைந்து இழுபடும். ராத்திரி அழகாகப் புள்ளி வைத்து, மேலே பளபளப்புக்காகத் தடவி, ஒரு முழுப் பாப்பரையும் சாம்பல் கலந்த பச்சையாக்கியிருக்கிறேன்.

மேல்பூச்சு தக்கைக்குக் கட்டாயம். இல்லையென்றால் பெயின்ட் ஒரு வாரம் தாங்காது. 30 நிமிட எபாக்ஸி, தானாகவே பரவிச் சமமாகும், ஆனால் அதுவரை கீழ்நோக்கி வழிந்து வயிற்றில் ஒரு தொப்பையாகத் தேங்கப் பார்க்கும். மெதுவாகச் சுழற்றுகிற சின்ன மோட்டார் இருந்தால் அதில் மாட்டிவிடலாம். இல்லாதவர்கள் அரைமணி நேரம் உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒரு தரம் கையால் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான், பாட்டு கேட்டுக்கொண்டே செய்தால் தெரியாது. 5 நிமிட எபாக்ஸி பூசி முடிப்பதற்குள் நூல் நூலாக இழுக்க ஆரம்பிக்கும், நாளாக ஆக மஞ்சளாகவும் மாறும். யு.வி. விளக்கில் இறுகுகிற பிசினும் நல்லது, விளக்கை எல்லாப் பக்கமும் காட்டுங்கள், முகக் குழிக்குள் வெளிச்சம் படாத இடம் பிசுபிசுவென்றே இருக்கும். எபாக்ஸியோ பிசினோ கையில் படாமல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அடிக்கடி பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்து நிரந்தரமாகத் தங்கிவிடும். ஃபோமின் மேல் கனமான பூச்சு வேண்டாம், உள்ளே மெத்தென்றும் மேலே ஓடாகவும் இருந்தால் முதல் கடியிலேயே வெடிக்கும்.

வாலும் காலும்

முழுசாகக் காய்ந்த பிறகு மறுபடி வைஸுக்கு. பின்னால் விட்டு வைத்த தண்டில் நூலைத் தொடங்குங்கள். பாஸ் பாப்பருக்குச் சேவல் கழுத்து இறகு நாலு, பக்கத்துக்கு இரண்டாக. இறகுக்கு இயல்பாகவே ஒரு வளைவு இருக்கும், அந்த வளைவு வெளிப்பக்கம் விரிகிற மாதிரி இரண்டு ஜோடியையும் முதுகோடு முதுகு வைத்துக் கட்டினால் தவளையின் பின்னங்கால் மாதிரி விரிந்து நிற்கும், இழுக்கும்போது சேரும், விட்டால் விரியும். அடிப்பக்கத்துப் பஞ்சு இழைகளை உருவிவிடுங்கள், இல்லையென்றால் நூலுக்குள் உருண்டு திரும்பும். வால் நீளம் உடம்பைப் போல ஒன்றரை மடங்கு. புளூகிலுக்கு உடம்பின் நீளமே போதும், மராபு என்கிற பஞ்சு போன்ற இறகில் ஒரு சிட்டிகை கட்டினால் தண்ணீரில் மூச்சு விடுகிற மாதிரி அசையும். பளபளக்கும் இழை இரண்டு மூன்று சேர்க்கலாம். பத்து இருபது என்று போனால் தீபாவளி ஜிகினாதான்.

வால் கட்டிய இடத்தை மறைக்க, மென்மையான இன்னொரு இறகை அடியில் கட்டி, தக்கையின் பின்பக்கத்தை ஒட்டி மூன்று நாலு சுற்று சுற்றி முடியுங்கள். விப் ஃபினிஷ் முடிச்சு தெரிந்தால் அது, தெரியாவிட்டால் அரை முடிச்சு நாலு போட்டு, ஒரு துளி சூப்பர் க்ளூ. துளி என்றால் ஊசி முனையில் எடுத்த துளி. டியூபை நேராக நீட்டினால் இறகெல்லாம் பசையை உறிஞ்சி விறைத்துக் குச்சியாகிவிடும்.

கால் கோர்ப்பது சின்ன வேலைதான், ஆனால் கால் இல்லாத பாப்பர் நிற்கிற நேரத்தில் செத்துக் கிடக்கும், கால் இருப்பது நின்றாலும் நடுங்கிக்கொண்டிருக்கும். பெரிய காது உள்ள தையல் ஊசியில் ரப்பர் அல்லது சிலிக்கான் இழையை இரண்டாக மடித்துக் கோர்த்து, முன்பே போட்ட துளை வழியாக இழுங்கள். மடிப்பை வெட்டினால் பக்கத்துக்கு இரண்டு கால். இப்போது ஒரு பக்கம் கொஞ்சம் வெளியே இழுத்து, வெளிவந்த பகுதியில் பசையை லேசாகத் தொட்டு, திரும்ப உள்ளே இழுத்துவிட்டால் பசை துளைக்குள் போய் உட்காரும், வெளியே அசிங்கமாகத் தெரியாது. இழுத்ததும் அசையாமல் பத்து வரை எண்ணுங்கள். நீளம் புளூகிலுக்கு 2 செ.மீ., பாஸுக்கு 4 அல்லது 5. முதலில் நீளமாகவே விட்டு வையுங்கள். மீன் காலைக் கடித்துவிட்டு ஓடினால் அங்கேயே கத்தரிக்கலாம், வெட்டியதை நீட்ட முடியாது.

தாமரை, அல்லி, நாணல் இருக்கிற இடத்தில் போடப் போகிறவர்கள் கெட்டித் தங்கூசியை, அதாவது நைலான் இழையை, வளைவின் பின்னால் கட்டி, முள் நுனிக்குக் கீழே வளைத்துக் கொண்டுவந்து காதுக்குப் பின்னால் கட்டிவிட்டால் செடியில் மாட்டாது. திறந்த தண்ணீருக்கு இது தேவையில்லை.

முள் நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கிற எதிர்க்கொடுக்கைக் குறடால் நசுக்கி மட்டமாக்கிவிடுங்கள். புளூகில் சில சமயம் பாப்பரை உள்ளே வரை இழுத்துக்கொள்ளும், கொடுக்கு இல்லையென்றால் நொடியில் எடுத்து விட்டுவிடலாம். காற்றில் திசை மாறி உங்கள் காது மடலில் ஏறினாலும் அதே சௌகரியம்தான்.

வாளியில் போட்டுப் பாருங்கள்

குளத்துக்குப் போகும் முன் ஒரு வாளித் தண்ணீர். வால் கொஞ்சம் அமிழ்ந்து, முகம் மேல்நோக்கிச் சாய்ந்து, உடம்பில் ஏறக்குறைய பாதி தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். தள்ளிவிட்டால் தானாக நிமிர வேண்டும். ஒருக்களித்தால் உடம்பு முள்ளுக்கு ரொம்பப் பெரிது என்று அர்த்தம். அடுத்ததில் முதுகைத் தேய்த்துக் குறையுங்கள், இதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முள்ளின் வளைவில் ஈயமில்லாத கம்பியை நாலு சுற்று சுற்றிப் பாருங்கள். காதில் ஒரு முழம் தங்கூசியைக் கட்டி வாளிக்குள் வெடுக்கென்று இழுத்துச் சத்தத்தையும் கேளுங்கள். மூக்கு குத்திக்கொண்டு தண்ணீருக்குள் போனால் காது முகத்தில் மேலே ஏறி நிற்கிறதா என்று பாருங்கள்.

வீசுவதைப் பற்றி நிறையச் சொல்லலாம், நான் இரண்டு விஷயம்தான் சொல்வேன். புளூகில் பாப்பருக்கு 4 அல்லது 5 வெயிட் ராட் (தூண்டில் கோல்), பாஸ் பாப்பருக்கு 7 அல்லது 8 வெயிட், எண் கூடினால் கோலின் பலம் கூடும், இரண்டுக்கும் மிதக்கிற லைன். காற்றைத் தள்ளிக்கொண்டு போகிற சரக்கு இது, மெல்லிய ராட்டில் பெரிய பாப்பரை மாட்டினால் தலைக்கு மேலேயே சுருண்டு விழும். இரண்டாவது, விழுந்ததும் இழுக்காதீர்கள். வட்டமாகக் கிளம்பிய அலை முழுவதும் அடங்கும் வரை சும்மா இருங்கள், அப்புறம் ராட் நுனியைத் தண்ணீரை நோக்கி வைத்துக்கொண்டு, லைனைக் கையால் ஒரு சின்ன வெடுக்கு, மறுபடி சும்மா. பாதி மீன் அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் வருகிறது. வந்தால் ராடைத் தூக்கி அடிக்காமல், லைனைக் கையால் நீளமாக இழுத்து முள்ளைப் பதியுங்கள். கண்ணுக்கு முன்னால் தண்ணீர் வெடிக்கும்போது கை தானாக மேலே போகும், பாப்பர் முகத்துக்கு வரும், கண்ணாடி போட்டுக்கொண்டு நில்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு டப்பாவில் அடைக்காதீர்கள், முள் துருவேறி இறகில் பழுப்புக் கறை இறங்கும். வெயிலிலும் போடாதீர்கள், ரப்பர் கால் வெடித்துப் போகும். நிழலில் ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். பல் பட்டு மேல்பூச்சில் கீறல் விழுந்திருந்தால் மறுநாளே ஒரு துளி எபாக்ஸி வைத்து மூடுங்கள், அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் தக்கைக்குள் இறங்கினால் பெயின்ட் தோலாக உரியும். கால் அறுந்திருந்தால் சூடான ஊசியால் பழைய பசையைக் குத்தி எடுத்துப் புதுக் கால் கோர்க்கலாம். வால் போனாலும் கட்டலாம். முள் நுனி மழுங்கினால் அரத்தில் தீட்டலாம். முள்ளே உடைந்ததைத்தான் ஒன்றும் செய்ய முடியாது, அந்த மாதிரி ஒரு தவளை என் மேசை விளக்கின் அடியில் உட்கார்ந்திருக்கிறது, ஒரு கண் சிறுத்து.